பிரிக்காத நாணயப் பெட்டி: விலை போடுவது, சோதிப்பது, காப்பது, பிரிப்பது

முதலில் ஒரு சொல் சிக்கல். சிங்கப்பூர்த் தமிழில் 'வெள்ளி' என்றால் டாலர். உலோகமும் அதுதான், கிழமையும் அதுதான். "வெள்ளி நாணயம், நூறு வெள்ளி, வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று நம்மூரில் யாரும் முகம் சுளிக்காமல் சொல்வார்கள். இந்த வழிகாட்டியில் எண்ணோடு வரும் 'வெள்ளி' எல்லாம் சிங்கப்பூர் டாலர். உலோகமாக இருந்தால் 'வெள்ளி நாணயம்', 'வெள்ளி உலோகம்' என்று சேர்த்தே வரும்.

இப்போது விஷயம். கரூசல் என்ற இணைய மறுவிற்பனைத் தளத்தில் ஒரே நாணயத்துக்கு இரண்டு விளம்பரங்கள். ஒன்று, பெட்டி பிரித்தது, 180 வெள்ளி. இன்னொன்று, "சீல் பிரிக்கவில்லை, வந்தபடியே இருக்கிறது", 240 வெள்ளி. உள்ளே இருப்பது அதே உலோகம், அதே எடை, அதே சான்றிதழ். கூடுதலாகக் கேட்கும் 60 வெள்ளி நாணயத்துக்கு இல்லை, தெரியாமைக்கு. உள்ளே கறையே இல்லாத நாணயம் இருக்கலாம், சான்றிதழில் ராசியான 888 என்ற எண் இருக்கலாம், அச்சுப்பிழை கூட இருக்கலாம். யாரும் பார்க்கவில்லை என்பதால்தான் இத்தனை 'இருக்கலாம்'. அந்த 'இருக்கலாம்' 60 வெள்ளி பெறுமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் வேலை. போடாமல் வாங்குகிறவர் டோட்டோ சீட்டு வாங்குகிறார். டோட்டோவிலாவது முதல் பரிசு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிப் போட்டிருப்பார்கள்.

எந்த சீல் என்று கேளுங்கள்

'பிரிக்கவில்லை' என்ற சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு நிலைகள் ஒளிந்திருக்கின்றன. வெளியிலிருந்து உள்ளே போனால், முதலில் தபாலில் வந்த அட்டைப்பெட்டி. அதில் அனுப்பியவர் ஒட்டிய டேப்பும் தபால் முத்திரையோ அனுப்பிய தேதி அச்சிட்ட சீட்டோ இருக்கும். அடுத்தது நாணயப் பெட்டியின் மேல் போர்த்திய ஸ்லீவ் அல்லது சுருக்கு பிளாஸ்டிக். மூன்றாவது பெட்டி. கடைசியில், நாணயத்தை நேரடியாக மூடியிருக்கும் வட்டமான கேப்ஸ்யூல்.

இவற்றில் நாணயத்தைக் காப்பது கேப்ஸ்யூல் ஒன்றுதான். சிங்கப்பூர் நாணய ஆணையம் வெளியிடும் நினைவு நாணயங்களில் பெரும்பாலானவை சீல் இல்லாத ஸ்லீவில்தான் கைக்கு வருகின்றன. ஸ்லீவை உருவி, மூடியைத் திறந்து பார்த்து, திரும்ப மூடினால் தடயமே இருக்காது. அப்படிப்பட்ட நாணயத்துக்கு "பிரிக்கவில்லை" என்று ஒருவர் கூடுதலாகக் கேட்டால், நிரூபிக்க முடியாத ஒன்றுக்குக் காசு கேட்கிறார். கொடுக்க வேண்டியதில்லை.

அமெரிக்க நாணயச்சாலைப் பெட்டிகளில் நிலைமை வேறு. அங்கே தபால் பெட்டியின் சீலுக்கே ஒரு தொழில்முறைப் பயன் உண்டு. நாணயங்களுக்குத் தரம் போடும் பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்கள், வெளியான 30 நாளுக்குள் வந்த நாணயங்களுக்கு 'ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்', 'எர்லி ரிலீசஸ்' என்று தனிச் சீட்டுப் போடுகின்றன. அந்தக் கெடு தாண்டிவிட்ட பிறகு, பிரிக்காத பெட்டியும் அதன்மேல் உள்ள தேதியும்தான் சான்று. ஆகவே அனுப்பிய தேதி தெரியும்படி, டேப் கிழியாமல் இருக்கும் பெட்டிக்கு விலை உண்டு. வீட்டு முகவரி தெரியக்கூடாது என்று யாராவது சீட்டையே கிழித்திருந்தால் தேதியும் போயிற்று, பெட்டி வெறும் அட்டை. முகவரியை மட்டும் கறுப்பு மையால் அடித்துவிட்டுத் தேதியை விட்டுவைக்க வேண்டும். 'ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்' போன்ற தனிச் சீட்டுக்கான விதி நாணயத்துக்கு நாணயம் மாறும். அனுப்புவதற்கு முன் அந்தந்த நாணயத்துக்கான விதியைத் தரநிறுவனத்தின் தளத்தில் படித்துவிடுங்கள்.

அடிமட்ட விலை

எந்தப் பெட்டிக்கும் கீழே இறங்கவே முடியாத ஒரு விலை உண்டு. மூன்று எண்களைக் குறித்துக்கொண்டு, அவற்றில் பெரியதை எடுங்கள்.

ஒன்று, முகமதிப்பு. நாணய ஆணையம் வெளியிடும் நினைவு நாணயங்கள் சட்டப்படி செல்லுபடியாகும் பணம். 2023-ல் லீ குவான் இயூ நூற்றாண்டுக்கு வந்த, 10 வெள்ளி முகமதிப்புள்ள நாணயம் அலுமினிய வெண்கலம். உலோகத்துக்கு மதிப்பு இல்லாவிட்டாலும் 10 வெள்ளிக்குக் கீழே போகாது.

இரண்டு, உலோக மதிப்பு. ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம். 2 அவுன்ஸ் 999 தூய்மை வெள்ளி நாணயத்தில் 62.2 கிராம் உலோகம் இருக்கும். அன்றைய சந்தை விலை அவுன்சுக்கு 50 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் உலோகம் மட்டும் 100 வெள்ளி. கடைக்காரர் அதிலும் கழித்துத்தான் எடுப்பார். கப்ரோ-நிக்கல் (செம்பு-நிக்கல் கலவை) நாணயத்தில் இந்த எண் கிட்டத்தட்ட பூஜ்யம்.

மூன்று, பிரித்த நிலையில் அதே நாணயம் உண்மையில் கைமாறிய விலை. கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்றுப்போன விலையைப் பாருங்கள். கரூசலில் 'விற்றாயிற்று' என்று குறித்த விளம்பரங்களிலும் பேரம் எங்கே முடிந்தது என்று தெரியாது. ஏலப் பதிவுகள் இருந்தால் அவைதான் நம்பத்தக்கவை. ஒரே ஏலத்தை வைத்து முடிவு செய்யாமல் கடைசி ஐந்தாறு விற்பனைகளின் நடு விலையை எடுங்கள்.

பிரிக்காத பெட்டிக்குக் கேட்கும் விலையிலிருந்து இந்த அடிமட்டத்தைக் கழித்தால் தெரியாமையின் விலை கிடைக்கும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அது 60 வெள்ளி.

எத்தனை அடித்தார்கள், எத்தனை பேருக்கு வேண்டும்

'வரையறுக்கப்பட்ட வெளியீடு' என்று பெட்டியில் பொன்னெழுத்தில் போட்டிருப்பது ஒன்றையும் சொல்லாது. 40 லட்சமும் வரையறைதான். மேலே சொன்ன லீ குவான் இயூ நூற்றாண்டு நாணயத்துக்கு விண்ணப்பங்கள் குவிந்தபோது ஆணையம் எண்ணிக்கையை 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை உயர்த்தியது. நாட்டில் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கிடக்கும் பொருளை உறை பிரிக்காமல் வைத்திருப்பதில் அன்பு இருக்கலாம், ஆதாயம் இல்லை.

அமெரிக்காவில் இரண்டு எடுத்துக்காட்டுகள். 2011-ல் வெள்ளி ஈகிள் நாணயத்தின் 25-ஆம் ஆண்டுத் தொகுப்பு, ஒரு லட்சம் தொகுப்புகள், விலை 299.95 அமெரிக்க டாலர், வீட்டுக்கு ஐந்து வரை. சில மணி நேரத்தில் தீர்ந்தது. ஐந்து தொகுப்பு அடங்கிய பிரிக்காத தபால் பெட்டிகள் அப்படியே கைமாறத் தொடங்கின. 2019-ல் வந்த, சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் எஸ் முத்திரையுள்ள 'மேம்பட்ட ரிவர்ஸ் புரூஃப்' ஈகிள் வெறும் 30,000 (புரூஃப் என்றால் சேகரிப்பாளர்களுக்காகத் தனிக் கவனத்தோடு மெருகேற்றி அடித்த நாணயம்). விலை 65.95, வீட்டுக்கு ஒன்று. அரை மணி நேரம் கூட நிற்கவில்லை, வெளிச்சந்தையில் ஆயிரம் டாலரைத் தாண்டியது. இரண்டிலும் பொதுவான ஒன்று: அந்த நாணய வரிசையை ஆண்டு தவறாமல் சேர்க்கும் கூட்டம் முன்பே பெரிதாக இருந்தது. எண்ணிக்கை குறைவு என்பது பாதிதான், அந்தக் கூட்டம்தான் மீதிப் பாதி. மறுபக்கம், 1980-களில் 11 டாலருக்கு விற்ற அமெரிக்க ஆண்டு புரூஃப் தொகுப்புகள், ஒவ்வோர் ஆண்டும் பல லட்சம். நாற்பது ஆண்டு கழித்தும் பெரும்பாலானவை வெளியீட்டு விலைக்குக் கீழேதான் கிடக்கின்றன.

சிங்கப்பூரில் அப்படி ஒரு நிலையான கூட்டம் இருப்பது சீன ராசி வரிசைக்குத்தான். 1981-ல் சேவலில் தொடங்கியது. இப்போது நடப்பது நான்காவது சுற்று: 2017 சேவல் முதல் 2028 குரங்கு வரை. பன்னிரண்டையும் ஒரே அளவில், ஒரே பூச்சில் சேர்க்க நினைப்பவர்கள் சுற்று முடியும் தறுவாயில் விட்டுப்போனவற்றைத் தேடுவார்கள். 2 அவுன்ஸ் வெள்ளி நாணய வரிசையில் ஓர் ஆண்டு மட்டும் இல்லாதவர் அந்த ஓர் ஆண்டுக்கு நல்ல விலை கொடுப்பார். பிரித்ததா பிரிக்காததா என்பது அவருக்குப் பெரிய விஷயமில்லை, பெட்டியும் சான்றிதழும் இருந்தால் போதும்.

விண்ணப்பித்தவர்களில் யாருக்கு நாணயம் என்ற குலுக்கல் முடிவு வந்த வாரத்தில் கேட்கப்படும் விலையை நம்ப வேண்டாம். அப்போது நாணயம் யார் கையிலும் இல்லை, வெறும் ஒதுக்கீடு மட்டும்தான். நாணயம் கைக்கு வந்ததும், ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டு மிச்சத்தை ஒரே நேரத்தில் விற்க வருவார்கள். பொதுவாக அந்த முதல் சில வாரங்களில்தான் விலை இறங்கும். வாங்க நினைப்பவர் அதுவரை பொறுக்கலாம்.

தெரியாமைக்குக் கணக்கு

இதுதான் நடுநாயகம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும். உங்கள் நாணயத்துக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிரிக்காத பெட்டி 240 வெள்ளி. பிரித்துத் தரத்துக்கு அனுப்ப, கட்டணம், அனுப்பும் செலவு, காப்பீடு எல்லாம் சேர்த்து 70. தரநிறுவனம் போடும் மதிப்பெண்ணில் உச்சமான 70 கிடைத்தால் 420-க்கு விற்கும். 69 கிடைத்தால் 170-க்குத்தான் போகும். பிரித்து, தரத்துக்கு அனுப்பாமல் விற்றால் 180.

கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தரத்துக்கு அனுப்பினால், 100 பெட்டிகளில் 56-ல் 70 தரம் வர வேண்டும், அப்போதுதான் போட்ட பணம் திரும்பும். நல்லதை மட்டும் பார்த்து அனுப்பி, குறையுள்ளதைப் பிரித்த விலைக்கே விற்றுவிடத் தெரிந்தவருக்கு 100-க்கு 35 போதும். 56-க்கும் 35-க்கும் இடையில் இருப்பது உங்கள் கண்ணின் விலை. பூதக்கண்ணாடியில் 69-ஐயும் 70-ஐயும் பிரித்துச் சொல்லத் தெரியாதவர் முதல் கணக்கில்தான் இருக்கிறார்.

நடைமுறையில் இரண்டு இடத்தில் கணக்கு சறுக்கும். முதலாவது, பிரித்துப் பார்த்துத் தள்ளிய நாணயத்தை 180-க்கு யார் வாங்குவார்? நல்லதைப் பொறுக்கிவிட்டு மிச்சத்தை விற்கிறீர்கள் என்று சந்தைக்குத் தெரியும். 160 என்று வைத்தால் 35 என்பது 42 ஆகிறது. இரண்டாவது, உங்களைப்போல் எல்லாரும் பிரித்து அனுப்பினால் 70 தரமுள்ளவை பெருகும், 420 நிற்காது. அது 320-க்கு இறங்கினால், மிச்சத்தை 160-க்கு விற்கும் அதே கண்ணுள்ளவருக்கே 100-க்கு 89 பெட்டிகளில் 70 வர வேண்டும். நூறு வெள்ளி இறக்கத்தில் ஆட்டமே முடிந்துவிட்டது. தரநிறுவனங்கள் தங்கள் தளத்தில் எந்த நாணயத்துக்கு எத்தனை 70 போட்டிருக்கிறோம் என்ற பட்டியலை வைத்திருக்கின்றன. பெட்டி வாங்குவதற்கு முன் அந்த எண்ணை மூன்று நான்கு மாத இடைவெளியில் இருமுறை பாருங்கள். வேகமாக ஏறிக்கொண்டிருந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

பல நாணயம் உள்ள தொகுப்பில் இன்னொரு பொறி. ஒவ்வொரு நாணயமும் 70 வர 80% வாய்ப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள், நல்ல வாய்ப்புத்தானே என்று தோன்றும். ஐந்தும் 70 வருவதற்கான வாய்ப்பு 33% மட்டுமே. 2011 ஈகிள் தொகுப்பில் ஐந்து நாணயம். "முழுத் தொகுப்பும் 70" என்ற விலையை மனத்தில் வைத்துப் பெட்டி வாங்கியவர்களின் கணக்கு இங்கேதான் உதைக்கும்.

அச்சுப்பிழைக்காகப் பெட்டி வாங்குவதற்கும் ஒரு மரபு உண்டு. அமெரிக்காவில் 1955 முதல் 1964 வரை புரூஃப் தொகுப்புகள் ஒட்டிய காகித உறையில் வந்தன. 1960 உறைக்குள் சிறிய தேதி போட்ட ஒரு சென்ட் இருக்கலாம், 1964 உறைக்குள் கூந்தல் அழுத்தமாகச் செதுக்கிய கென்னடி அரை டாலர் இருக்கலாம். இரண்டுக்கும் தனி விலை. பிரிட்டனில் 1983 தொகுப்புகள் சிலவற்றில் 2 பென்ஸ் நாணயத்தில் 'டூ பென்ஸ்' என்பதற்குப் பதில் பழைய 'நியூ பென்ஸ்' என்ற சொல் தவறி விழுந்தது. வித்தியாசத்தைக் கவனியுங்கள்: பிரிட்டன் தொகுப்பு கண்ணாடிபோல் தெரியும் உறையில் இருந்தது, வைத்திருந்தவர்கள் எல்லாரும் எப்போதோ பார்த்துவிட்டார்கள். அதில் 'பிரிக்காதது' என்பதற்கு அர்த்தமே இல்லை. அமெரிக்கக் காகித உறைக்கு அர்த்தம் உண்டு, ஆனால் அறுபது ஆண்டு பழைய பசையை ஆவி காட்டிப் பிரித்துத் திரும்ப ஒட்டுவது சமையலறை வேலை.

இங்கே நம்மூர் வேடிக்கை ஒன்று. 2015-ல் எஸ்ஜி50 (சிங்கப்பூரின் பொன்விழா) நினைவு நோட்டுகளின் அட்டை உறையில் முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கின் பெயர் ஓர் எழுத்துப் பிழையோடு அச்சாகிவிட்டது. ஆணையம் வருத்தம் தெரிவித்தது. நோட்டில் பிழை இல்லை, உறையில்தான். அதன் பிறகு உறையே சேகரிப்புப் பொருள் ஆகிவிட்டது. பெட்டி, உறை, சான்றிதழ் எதையும் தூக்கிப்போடாதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

விற்பவருக்குத் தெரிந்தது, உங்களுக்குத் தெரியாதது

ஒரே நபரிடம் ஒரே நாணயத்தின் பத்துப் பெட்டிகள் இருக்கின்றன, எட்டை விற்கிறார் என்றால் அந்த மற்ற இரண்டு எங்கே என்று கேளுங்கள். அநேகமாகப் பிரித்துப் பார்த்திருப்பார். இரண்டிலும் வெள்ளைப் புள்ளிக் கறை இருந்திருந்தால், மிச்ச எட்டைப் பிரிக்காமல் விற்பதுதான் அவருக்கு லாபம். நாணயச்சாலையில் ஒரே நாளில், ஒரே கழுவலில் போன நாணயங்களுக்குக் குறையும் ஒன்றுபோலவே இருக்கும். அவர் ஏமாற்றவில்லை, எட்டும் உண்மையிலேயே பிரிக்காதவைதான். ஆனால் தெரியாமை இப்போது உங்களுக்கு மட்டும்தான்.

கேட்க வேண்டிய கேள்வி நேரடியானது: "இதே வரிசையில் ஏதாவது பிரித்தீர்களா அண்ணே? அதன் படம் இருக்கிறதா?" நேர்மையானவர் படம் அனுப்புவார். சுற்றி வளைப்பவரிடம் பிரித்த பெட்டியின் விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

சீலைச் சோதிப்பது

வாங்குவதற்கு முன் நேரில் பார்ப்பது நல்லது. எம்ஆர்டி நிலையத்தில் சந்திப்பதாக இருந்தால் கையில் ஒரு சிறிய எல்இடி விளக்கும் 1 கிராம் துல்லியமுள்ள தராசும் எடுத்துப் போங்கள். பார்ப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

டேப்பை முதலில் பாருங்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், முன்பு ஒட்டியிருந்த டேப் உரித்த இடத்தில் அட்டையின் மேல்தோல் கிளம்பியிருப்பது தெரியும். ஒரு டேப்பின்மேல் இன்னொரு டேப் இருந்தால், கீழே உள்ளது நடுவில் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று மடிப்புக் கோட்டின் நெடுகிலும் பாருங்கள். பெட்டியின் அடிப்பக்கத்தையும் மறக்க வேண்டாம். மேலே தொடாமல் அடியில் பிரிப்பது பழைய தந்திரம். சுருக்கு பிளாஸ்டிக் என்றால், ஆலையில் போட்டதில் ஒட்டுக்கோடு நேராக ஓடும், பெரும்பாலும் காற்று வெளியேற ஊசித்துளைகள் இருக்கும். வீட்டில் ஹேர் டிரையரால் சுருக்கியதில் மூலைகளில் காதுபோல் மடிப்பு நிற்கும்.

அடுத்து எடை. அதே வெளியீட்டின் இன்னொரு பெட்டியின் எடை தெரிந்தால் ஒப்பிடுங்கள். ஈரப்பதத்தால் அட்டை சில கிராம் ஏறி இறங்கும், அது இயல்பு. 2 அவுன்ஸ் நாணயம் ஒன்று குறைந்தால் 60 கிராமுக்கு மேல் இடிக்கும். ஆனால் நல்ல நாணயத்தை எடுத்துவிட்டுக் குறையுள்ளதை வைத்திருந்தால் தராசு காட்டிக்கொடுக்காது. எடை சரியாக இருப்பது நாணயம் இருக்கிறது என்பதற்குச் சான்று, தரத்துக்குச் சான்று இல்லை.

பேநௌவில் பணம் அனுப்பினால் பெறுபவர் தன் வங்கிச் செயலியில் பார்த்து உறுதிசெய்யட்டும். நீங்கள் விற்பவராக இருந்தால் வாங்குபவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

இந்த ஊர்க் காற்று

சீல் போட்ட பெட்டி காலத்தை நிறுத்திவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சிங்கப்பூரில் அது நடக்காது. அட்டைக்குள்ளும் நுரைக்குள்ளும் இருக்கும் ஈரம் உள்ளேயே கிடந்து வேலை செய்யும். பிரிக்காமல் இருப்பதால் உங்களால் பார்க்கவும் முடியாது.

வெள்ளி நாணயத்துக்கு எதிரி கந்தகம். காற்றில் உள்ள கந்தக வாயு பட்டால் முதலில் வெளிர் மஞ்சள், பிறகு பழுப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. ரப்பர் பேண்ட், செய்தித்தாள், மலிவான அட்டை, சில வெல்வெட் துணி, எல்லாவற்றிலும் கந்தகம் உண்டு. பெட்டிகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைப்பதை இன்றே நிறுத்துங்கள். சாமி அலமாரிக்குப் பக்கத்திலும் வேண்டாம். ஊதுபத்தி, சாம்பிராணிப் புகை அட்டையில் படிந்து நிறம் மாற்றும், கற்பூர வாடை உள்ளே இறங்கும். பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடுவது அதைவிட மோசம். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும்.

வெள்ளைப் புள்ளி என்பது வேறு. பால் தெளித்ததுபோல் வெள்ளி நாணயத்தின் முகத்தில் வரும். நாணயச்சாலையில் தகட்டைக் கழுவியபோது சரியாக அலசப்படாமல் தங்கிய எச்சம் சூட்டில் பதிந்து, மாதங்கள் கழித்து வெளியே தெரிவது என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். நீங்கள் எவ்வளவு நன்றாக வைத்திருந்தாலும் வரும். பிரிக்காத வெள்ளி நாணயப் பெட்டியின் மிகப் பெரிய அபாயம் இதுதான். 70 தரம் 68 ஆகிக்கொண்டிருக்கும், வெளியே அட்டை புத்தம்புதிதாக இருக்கும்.

பழைய தொகுப்புகளில் மெத்தென்ற பிவிசி உறை இருந்தால் பச்சைப் பிசுக்கு வரும். இளக்கத்துக்காகச் சேர்த்த வேதிப்பொருள் கசிந்து நாணயத்தில் படியும். விட்டால் உலோகத்தையே அரிக்கும். இங்கே சீலைக் காப்பாற்றுவதா நாணயத்தைக் காப்பாற்றுவதா என்ற கேள்வியே கிடையாது: பிரித்துவிடுங்கள். சுத்தமான அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, ஜன்னல் திறந்து, அடுப்பு அணைத்து, நாணயத்தை மட்டும் சில நிமிடம் முக்கி எடுங்கள். தேய்க்கவே கூடாது, துணியும் வேண்டாம், தானாகக் காயட்டும். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். அக்ரிலிக் கேப்ஸ்யூலில் அசிட்டோன் பட்டால் கேப்ஸ்யூல் கலங்கிக் கரையும்.

வைக்கும் இடத்துக்கு வருவோம். வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் எல்லாரும் பொருள் அடுக்கும் இடம் வீட்டுக் காப்பறை. கனமான கதவு, காற்றோட்டம் குறைவு, கான்கிரீட் சுவர். நாணயத்துக்கு அதைவிட மோசமான இடம் குளியலறைதான். படுக்கையறையில் இரவு ஏசி, பகலில் சூடு என்ற ஏற்ற இறக்கமும் நல்லதில்லை. கேமராக்காரர்கள் பயன்படுத்தும் மின் உலர்பெட்டிதான் தீர்வு. 30 லிட்டர் பெட்டியில் சராசரி சேகரிப்பு அடங்கும். ஈரப்பதம் 40 முதல் 45% போதும். அதற்குக் கீழே இறக்கினால் அட்டையும் பசையும் காய்ந்து உரியும்.

உலர்பெட்டி வாங்க மனமில்லையா, 10 லிட்டர் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியில் 50 கிராம் சிலிக்கா ஜெல்லும் ஒரு சிறிய ஈரப்பத மானியும் போடுங்கள். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாக மாறும் வகை நல்லது. மாறியதும் ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் திரும்ப உயிர் வரும். நீலநிற வகையில் கோபால்ட் இருக்கும், சமையல் ஓவனில் அதை வைக்காதீர்கள். பெட்டிகளை நேரடியாகத் தரையில் அடுக்க வேண்டாம். வெள்ளிப்பூச்சியும் கரப்பானும் அட்டையை விரும்பிச் சாப்பிடும்.

பிரிப்பது என்று முடிவானால்

கேமராவை ஓட விட்டுவிட்டுத் தொடங்குங்கள். தேதிச் சீட்டு, ஆறு பக்கமும், தராசில் எடை, பிறகு வெட்டு, எல்லாம் வெட்டாத ஒரே ஓட்டமாக இருக்கட்டும். உள்ளே நாணயம் குறைந்தாலோ கேப்ஸ்யூல் உடைந்திருந்தாலோ, கேட்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சான்று இது.

கத்தி முனையை 2 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே நீட்டாமல், மடிப்புக் கோட்டில் டேப்பை மட்டும் வெட்டுங்கள். தேதிச் சீட்டுள்ள பக்கத்தை முழுதாக விட்டுவையுங்கள். கேப்ஸ்யூலை ஒருபோதும் திறக்காதீர்கள். விளிம்பைப் பிடித்து, ஒரே விளக்கின் கீழ், 5 மடங்கு பூதக்கண்ணாடியில் மெதுவாகச் சாய்த்துச் சுற்றுங்கள். கீறல் தெரிந்தால் பதற வேண்டாம். சாய்க்கும்போது கீறல் நாணயத்தின் உருவத்தைவிட்டு நகர்ந்தால் அது கேப்ஸ்யூலில் உள்ளது. உருவத்தோடு ஒட்டியே நின்றால் நாணயத்தில் உள்ளது. கண்ணாடிபோல் மின்னும் வெற்றுப் பகுதியில்தான் குறைகள் முதலில் தெரியும், விளிம்பை அதற்கடுத்துப் பாருங்கள். சான்றிதழ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறிய எண்களும் 8 அடுக்கிய எண்களும் இங்கே கூடுதல் பெறும், அதற்குத் தரம் போடத் தேவையே இல்லை.

வரி, செலவு, விற்பனை

உள்ளூர்க் கடையில் வாங்கும் நினைவு நாணயத்தின் விலையில் பெரும்பாலும் 9% ஜிஎஸ்டி இருக்கும். 2012 அக்டோபர் முதல் முதலீட்டுத் தங்கம், வெள்ளி, பிளாட்டினத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் அது குறித்த பட்டியலில் உள்ள முதலீட்டு நாணயங்களுக்குத்தான், வெள்ளியில் 99.9% தூய்மையும் வேண்டும். சேகரிப்புக்கான புரூஃப் பெட்டிகளுக்கு அந்த விலக்கை எதிர்பார்க்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் நாணய விலை, கப்பல் செலவு, காப்பீடு மூன்றும் சேர்த்து 400 வெள்ளியைத் தாண்டினால் இங்கே வந்ததும் வரி. அதற்குக் கீழே என்றால் பெரிய தளங்கள் பணம் கட்டும்போதே வசூலித்துவிடும். விற்கும்போது இந்த 9% திரும்ப வராது.

இப்போது காத்திருப்பின் விலை. 240 வெள்ளியை சிபிஎஃப் (மத்திய சேமநிதி) சாதாரணக் கணக்கின் 2.5% அளவுகோலில் ஐந்து ஆண்டு வளர்த்தால் 271 ஆகும். கடைக்காரர் சந்தை விலையில் 15% கழித்து எடுக்கிறார் என்று வைத்தால், சந்தை விலை 320-ஐத் தொட்டால்தான் உங்கள் கையில் 271 வரும். மூன்றில் ஒரு பங்கு ஏற்றம். அதற்குக் கீழே எது வந்தாலும் பெட்டி அலமாரியை அடைத்ததுதான் மிச்சம்.

மூலதன ஆதாய வரி சிங்கப்பூரில் இல்லை. ஆனால் வாங்குவதும் விற்பதும் தொடர்ந்து நடந்தால் அது வியாபாரம், வருமான வரிக்கு உட்படும். விலைமதிப்புள்ள உலோகப் பொருள் விற்கும் கடையில் 20,000 வெள்ளிக்கு மேல் ரொக்கம் புழங்கினால் அடையாள அட்டை கேட்பார்கள். அது 2019-ல் வந்த சட்டம், கோபப்பட ஒன்றுமில்லை.

பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் போன்ற இடங்களில் நாணயக் கடைகளுக்குப் போனால் ஒரே கடையில் நிற்காமல் மூன்றில் விலை கேளுங்கள். முதல் கடையில் சொன்ன விலையை இரண்டாவது கடையில் சொல்லாதீர்கள். ராசி நாணயம் என்றால் சீனப் புத்தாண்டுக்கு முந்தைய ஆறேழு வாரங்கள் நல்ல காலம். ஆங் பாவோடு (புத்தாண்டுப் பண உறை) கொடுக்க வாங்குபவர்கள் அப்போதுதான் வருவார்கள். பண்டிகை முடிந்த மறுவாரம் கேட்டால் அதே கடைக்காரர் கையை விரிப்பார்.

தபாலில் அனுப்பினால், பிரிக்காத பெட்டியை அதைவிட எல்லாப் பக்கமும் 3 சென்டிமீட்டர் பெரிய இன்னொரு அட்டைப்பெட்டிக்குள் வைத்து, இடைவெளியைக் குமிழ்த்தாளால் நிரப்புங்கள். டேப்பை வெளிப்பெட்டியில் மட்டும் ஒட்டுங்கள். உள்பெட்டியில் உங்கள் டேப் ஒரு விரற்கடை பட்டாலும், வாங்குபவர் அதைப் பிரிக்காத பெட்டி என்று ஏற்கமாட்டார்.